பேங்காக்கிலிருந்து ஆயுத்தயாவுக்கு ஒரு நாள்: முதன்முறை போகிறவர்களுக்கு

பேங்காக்குக்குப் போகிற நம்மவர்களில் பலர் மால், சஃபாரி, கடற்கரை என்று நாள்களைக் கழித்துவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். அங்கிருந்து வடக்கே சுமார் 80 கிலோமீட்டர் தூரத்தில், நானூறு ஆண்டுகளுக்கு மேல் சியாம் (இன்றைய தாய்லாந்து) நாட்டின் தலைநகராக இருந்த ஆயுத்தயா இருக்கிறது. காலையில் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடலாம். வழிகாட்டியோடு அங்கே எப்படிப் போய் வருவது என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

வழிகாட்டி எதற்கு என்று சிலர் கேட்பார்கள். ஆயுத்தயாவுக்கு அவசியம் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மாமல்லபுரத்தில் யாரும் விளக்காவிட்டாலும் சிற்பமே பாதிக் கதையைச் சொல்லிவிடும். இங்கே நிற்பவை பெரும்பாலும் செங்கல் சுவர்கள். 1350ல் உருவான நகரம் 1767ல் பர்மியப் படையிடம் விழுந்தது. மரக்கூரைகள் எரிந்தன, பொன் உருக்கப்பட்டது. அதோடும் முடியவில்லை. 1782ல் பேங்காக் தலைநகரானபோது, புது ஊரின் மதில் கட்டுவதற்கு இங்கிருந்த செங்கற்களையே படகில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எஞ்சியதைத்தான் நாம் பார்க்கிறோம். எது அரண்மனை, எது பிரார்த்தனை மண்டபம், எந்தக் கோபுரத்துக்குள் யாருடைய சாம்பல் என்று சொல்ல ஆள் இல்லையென்றால், மூன்றாவது கோயிலிலேயே எல்லாம் ஒன்றுபோலத் தெரிய ஆரம்பித்துவிடும்.

முதலில், எந்த நாள்?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். மார்ச் முதல் மே வரை வெயில் மண்டையைப் பிளக்கும். ஏப்ரலில் 40 டிகிரியை நெருங்கும் நாள்கள் உண்டு, இடிபாடுகளுக்கு நடுவே நிழலும் குறைவு. நம் ஊர் வெயிலுக்குப் பழகியவர்கள்தானே என்று எண்ண வேண்டாம், சுட்ட செங்கல் தரையில் நாலைந்து மணி நேரம் நடப்பது வேறு. செப்டம்பர், அக்டோபரில் ஆறுகள் பெருகும். சாவ் பிரயா, பா சக், லோப்புரி என்று மூன்று ஆறுகள் சூழ்ந்த தீவு இது. 2011 வெள்ளத்தில் இந்தக் கோயில்களெல்லாம் தண்ணீரில் நின்றன. அந்த மாதங்களில் போவதாக இருந்தால், வெள்ளத்தால் பயணம் ரத்தானால் பணம் திரும்புமா என்று முன்பதிவுக்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.

எந்த மாதமானாலும் ஒரு யோசனை. ஆயுத்தயாவுக்குப் போவதற்கு முந்தின நாள் பேங்காக்கின் கிராண்ட் பேலஸையும், அதற்குள் இருக்கும் மரகத புத்தர் கோயிலான வாட் பிரா கேவையும் பார்த்துவிடுங்கள். ஆயுத்தயா அரண்மனைக்குள் இருந்த வாட் பிரா சி சன்பேத்தை மாதிரியாக வைத்துத்தான் அதைக் கட்டினார்கள். பளபளக்கும் கூரையையும் பொன் ஸ்தூபியையும் முதல் நாள் பார்த்தவருக்கு, மறுநாள் இடிபாட்டின் நடுவே நிற்கும்போது அங்கே என்னென்ன இருந்திருக்கும் என்பது கண்ணுக்குத் தெரியும். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

எந்த வகைப் பயணம்?

இணையத்தில் தேடினால் நூற்றுக்கணக்கில் வரும். பிரித்துப் பார்த்தால் மூன்று வகைதான்.

பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து வேனில் போவது முதல் வகை. தனியாகவோ இருவராகவோ போகிறவர்களுக்கு இதுதான் சரி. பொதுவாக ஆளுக்கு 1,000 முதல் 2,000 பாட் (தாய்லாந்து நாணயம்) வரைக்குள் கிடைக்கும். இதே விலையில் நாற்பது பேர் பேருந்தும் உண்டு, அதைத் தவிர்ப்பது நல்லது. நாற்பது பேரை இறக்கி, எண்ணி, மறுபடி ஏற்றுவதற்கே பாதி நாள் போய்விடும்.

போகும்போது பேருந்து, திரும்பும்போது சாவ் பிரயா ஆற்றில் படகு என்பது இரண்டாம் வகை. மதியச் சாப்பாடு படகிலேயே இருக்கும். வயதானவர்களை அழைத்துப்போகிறவர்களுக்கு இது வசதி. ஆனால் படகைப் பிடிக்க வேண்டும் என்பதால் இடிபாடுகளில் கிடைக்கும் நேரம் குறையும்.

மூன்றாவது, தனி வண்டியும் தனி வழிகாட்டியும். நான்கைந்து பேர் குடும்பமாகப் போனால் தலைக்கு ஆகும் செலவு முதல் வகையைவிட ரொம்ப அதிகமாகிவிடாது. குழந்தைகள் இருந்தால் நான் இதைத்தான் சொல்வேன். ஒன்றை மட்டும் கவனியுங்கள். பல விளம்பரங்களில் வண்டியும் ஓட்டுநரும் மட்டும்தான் இருக்கும். ஓட்டுநர் வழிகாட்டி அல்ல. தாய்லாந்தில் சுற்றுலா வழிகாட்டியாக இருக்க அரசு உரிமம் வேண்டும், அந்த வேலை தாய்லாந்துக் குடிமக்களுக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டது. உரிம அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார்கள். ஓட்டுநர் உங்களை வாசலில் இறக்கிவிட்டு வண்டியில் காத்திருப்பார், அவ்வளவுதான்.

ரயிலில் போய் அங்கேயே டுக் டுக் பிடித்துச் சுற்றுகிறவர்களும் உண்டு. செலவு மிகக் குறைவு. ஒருமுறை வழிகாட்டியோடு பார்த்துவிட்டவர்கள் இரண்டாம் முறை அப்படிப் போகலாம், அப்போது அது அருமையான நாளாக இருக்கும்.

பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை

பயண நிரலை முழுதாகப் படியுங்கள். அதில் எத்தனை இடங்கள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். ஒரே நாளில் எட்டு இடம், ஒன்பது இடம் என்று போட்டிருந்தால் ஒவ்வொன்றிலும் அரை மணி நேரம்கூட கிடைக்காது. நான்கு கோயில்கள், அவற்றோடு இன்னொரு இடம் என்றிருந்தால் போதும். மிதக்கும் சந்தை, யானைப் பண்ணை என்று ஒட்டுப்போட்ட நிரல்களில் ஆயுத்தயா சுருங்கிவிடும். யானைச் சவாரி இருக்கும் பயணத்தை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். முதுகில் இருக்கை கட்டி, கொளுத்தும் வெயிலில், தார்ச்சாலையில் அவற்றை நடக்கவைப்பதற்கு நாம் காசு கொடுக்க வேண்டியதில்லை.

அப்புறம் இவற்றை எழுத்தில் கேளுங்கள், பதிலும் எழுத்தில் வாங்குங்கள்:

- வழிகாட்டி கோயிலுக்குள் கூடவே வருவாரா, வாசலில் பேசிவிட்டு நம்மை உள்ளே அனுப்பிவிடுவாரா? இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம்.
- நுழைவுக் கட்டணம் சேர்ந்ததா? ஒவ்வொரு கோயிலிலும் தனித்தனியாக வாங்குவார்கள், வெளிநாட்டவருக்குக் கட்டணம் அதிகம்.
- குழுவில் அதிகபட்சம் எத்தனை பேர்?
- நடுவில் கடைகளுக்குக் கூட்டிப்போவீர்களா?
- சைவச் சாப்பாடு கிடைக்குமா? முட்டை, மீன் சாறு இரண்டும் கூடாது என்று பிரித்துச் சொல்லிக் கேளுங்கள்.
- ஓட்டலுக்கு வந்து ஏற்றுவீர்களா, ஓரிடத்துக்கு நாங்கள் வர வேண்டுமா?

கேள்விகளுக்குத் தெளிவாகப் பதில் சொல்லாத நிறுவனத்தை விட்டுவிடலாம், ஊரில் வேறு ஆள்கள் நிறைய இருக்கிறார்கள். முறையான நிறுவனங்கள் தங்கள் சுற்றுலா உரிம எண்ணை இணையதளத்திலேயே போட்டிருக்கும்.

விமர்சனங்களைப் படிக்கும்போது நட்சத்திரங்களை விட்டுவிட்டு, வழிகாட்டியைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். "ஏசி நன்றாக இருந்தது, சாப்பாடு பரவாயில்லை" என்பதெல்லாம் உதவாது. அவர் சொன்ன ஒரு கதையை நினைவில் வைத்து யாராவது எழுதியிருந்தால் அந்தப் பயணத்தை எடுங்கள்.

என்ன உடுத்துவது, என்ன எடுத்துப்போவது

தோளும் முழங்காலும் மறையும் உடை, ஆணுக்கும் பெண்ணுக்கும். இடிபாடு என்றாலும் தாய்லாந்து மக்களுக்கு அது வழிபாட்டிடம்தான். நிரலில் பாங் பா இன் கோடை அரண்மனை இருந்தால் உடை விஷயத்தில் இன்னும் கண்டிப்பாக இருப்பார்கள். மெல்லிய பருத்தி வேட்டி, சல்வார், தளர்வான பேன்ட் எதுவும் சரி. இறுக்கமான ஜீன்ஸ் வேண்டாம், மதியத்துக்குள் வெறுத்துவிடும்.

காலுக்கு, எளிதில் கழற்றி மாட்டக்கூடிய ஷூ. தரை மேடு பள்ளமாக, உடைந்த செங்கல்லாக இருக்கும், ரப்பர் செருப்பில் தடுக்கும். இன்னும் வழிபாடு நடக்கும் மண்டபங்களில் வாசலிலேயே கழற்ற வேண்டும். குடை, தொப்பி, கொசு மருந்து, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், உப்புச் சர்க்கரைப் பொட்டலம் இரண்டு. இதையெல்லாம் முதல் நாள் இரவே பக்கத்து செவன் லெவன் கடையில் வாங்கி வைத்துவிடலாம். 20, 50, 100 பாட் நோட்டுகளாகக் கொஞ்சம் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டின் நகல் போதும்.

கிளம்பும் காலை

ஏற்றும் நேரம் பெரும்பாலும் ஆறரைக்கும் ஏழரைக்கும் நடுவில். பத்து நிமிடம் முன்னதாகவே கீழே இறங்கி நில்லுங்கள். கூடுமிடம் ஒரு பிடிஎஸ் ரயில் நிலையம் என்றால் எந்த வாசல் எண் என்று முந்தின இரவே உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரே நிலையத்துக்கு ஐந்தாறு வாசல்கள் உண்டு, தவறான பக்கம் இறங்கினால் சாலையைக் கடக்கவே நேரமாகும். ஓட்டலின் காலைச் சாப்பாடு அதற்குள் திறந்திருக்காது, பொட்டலமாகக் கட்டித் தரச் சொன்னால் பல இடங்களில் தருவார்கள்.

ஒன்றரை மணி நேரப் பயணம். தூங்கிவிடாதீர்கள். நல்ல வழிகாட்டி இந்த நேரத்தில்தான் வரலாற்றைச் சொல்லி முடிப்பார்: 33 மன்னர்கள், 1511ல் வந்த போர்த்துகீசியர்கள், பின்னால் வந்த டச்சுக்காரர்கள், பிரெஞ்சுக்காரர்கள், ஓயாத பர்மியப் போர்கள். இங்கே கேட்டது அங்கே இறங்கியதும் உதவும். வண்டியில் ஏறியவுடனேயே அவருக்கு வணக்கம் சொல்லிப் பெயர் கேட்டுக்கொள்ளுங்கள், தமிழ்நாட்டிலிருந்து வருகிறோம் என்றும் சொல்லுங்கள். ராமாயணம் அவர்களுக்கு ராமகியன். அங்கிருந்து பேச்சு தானாக ஓடும்.

இடங்களில் எதைப் பார்ப்பது

*வாட் மஹாதாத்.* ஆலமர வேர்களுக்கு நடுவே சிக்கியிருக்கும் கல் புத்தர் தலை இங்கேதான் இருக்கிறது. எல்லோரும் நேராக அதை நோக்கி ஓடுவார்கள். படம் எடுப்பதற்கு ஒரு விதி உண்டு: உங்கள் தலை அந்தத் தலையைவிட உயரமாக இருக்கக் கூடாது. குந்தி உட்கார்ந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். காவலர் பார்த்துக்கொண்டே இருப்பார். அந்தத் தலை அங்கே எப்படி வந்தது என்பதற்கு ஒவ்வொரு வழிகாட்டியும் ஒரு கதை வைத்திருப்பார், உங்களுடையவரின் கதையைக் கேளுங்கள்.

அதைப் பார்த்த கையோடு திரும்பிவிடாதீர்கள். உள்ளே வரிசை வரிசையாகத் தலையில்லாத புத்தர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். 1767ல் உடைந்தவை சில. பிற்காலத்தில் பழம்பொருள் சந்தைக்காகத் திருடர்கள் அறுத்தெடுத்தவையும் உண்டு. அந்த உடல்களுக்குப் பின்னால் நின்று தன் தலையை வைத்துப் படமெடுப்பது அங்குள்ளவர்களை மிகவும் புண்படுத்தும். நம் கோயிலில் யாராவது அப்படிச் செய்தால் சும்மா இருப்போமா? குழந்தைகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

*வாட் ராட்சபூரண.* வாட் மஹாதாத்துக்கு அடுத்தே இருக்கிறது. ஆனாலும் பல குழுக்கள் இதைத் தாண்டிப் போய்விடுகின்றன. நிரலில் இல்லையென்றால் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். எனக்கு ஆயுத்தயாவில் மிகவும் பிடித்த இடம் இது. 1424ல் அரியணைக்காக அண்ணன் தம்பி இருவர் யானை மேலிருந்து மோதி, இருவருமே மாண்டார்கள். அவர்களின் இளைய சகோதரன் அரசனாகி, அவர்களை எரித்த இடத்தில் இந்தக் கோயிலைக் கட்டினான். கெமர் பாணியில் சோளக்கதிர் வடிவில் நிற்கும் அந்தக் கோபுரத்தைப் பிராங் என்பார்கள். அதன் அடியில் நிலவறை இருக்கிறது. 1957ல் திருடர்கள் அதை உடைத்துப் பொன்னை அள்ளிக்கொண்டு போனார்கள். மீட்கப்பட்டவையும், பின்னர் தொல்லியலார் எடுத்தவையும் அதே ஊரில் சாவ் சாம் பிரயா தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நிலவறைக்குள் இறங்கிப் பழைய சுவரோவியங்களைப் பார்க்கலாம். படி செங்குத்து, இடம் குறுகல், உள்ளே புழுக்கம் அதிகம். மூட்டு வலி உள்ளவர்களும் மூடிய இடத்தில் பயப்படுகிறவர்களும் மேலேயே நின்றுகொள்ளலாம். தனிப் பயணமாகப் போனால் அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வெளியே வெறும் செங்கல்லைப் பார்த்துவிட்டு உள்ளே அந்தப் பொன்னைப் பார்க்கும்போதுதான் இந்த நகரத்தின் செல்வம் எவ்வளவு என்று புரியும்.

*வாட் பிரா சி சன்பேத்.* மணி வடிவ ஸ்தூபிகள் மூன்று, ஒரே வரிசையில். மூன்று மன்னர்களின் சாம்பலுக்காகக் கட்டியவை. இது அரண்மனைக் கோயில், துறவிகள் யாரும் இங்கே தங்கியதில்லை. பொன் போர்த்திய 16 மீட்டர் உயர நின்ற புத்தர் இங்கே இருந்தார். நகரம் விழுந்தபோது அந்தப் பொன்னை உருக்கி எடுத்துவிட்டார்கள். முந்தின நாள் கிராண்ட் பேலஸ் பார்த்தது இங்கேதான் கைகொடுக்கும்.

ஒட்டியே இருக்கிறது விஹான் பிரா மோங்கோன் போபித். உள்ளே பிரம்மாண்டமான வெண்கல புத்தர். 1767ல் கூரை எரிந்து அவர் மேல் விழுந்தது. நெடுங்காலம் வானமே கூரையாக உட்கார்ந்திருந்தார். இப்போதுள்ள மண்டபம் 1950களில் எழுந்தது. அதற்கு அப்போதைய பர்மியப் பிரதமர் ஊ நூ நன்கொடை கொடுத்தார். வழிகாட்டி இதைச் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். இங்கே வழிபாடு நடக்கிறது. செருப்பைக் கழற்றி, காலை மடித்து உட்காருங்கள், பாதம் புத்தரை நோக்கி நீளக் கூடாது.

*வாட் யாய் சாய் மோங்கோன்* தீவுக்கு வெளியே, கிழக்கே இருக்கிறது. மன்னர் நரேசுவன் யானைப் போரில் பர்மிய இளவரசரை வென்றதோடு சேர்த்துச் சொல்லப்படும் பெரிய ஸ்தூபி, அதைச் சுற்றிக் காவித்துணி போர்த்திய புத்தர்கள். துறவிகள் இருக்கும் கோயில், பெண்கள் அவர்களைத் தொடாமல் விலகி நடக்க வேண்டும்.

*வாட் சாய்வத்தனாராம்.* 1630ல் மன்னர் பிரசாத் தோங் கட்டியது. ஆற்றின் மேற்குக் கரையில் நடுவே ஒரு பெரிய பிராங், சுற்றிலும் சிறியவை. மாலை வெயில் இதன் மேல் விழும் நேரம் அழகு. எதிரே பழங்காலத் தாய்லாந்து உடைகளை வாடகைக்குத் தருகிறார்கள், உள்ளூர்ப் பெண்களே கூட்டம் கூட்டமாக உடுத்திக்கொண்டு வந்து படமெடுக்கிறார்கள். ஆசையிருந்தால் நீங்களும் உடுத்தலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். குழுப் பயணங்கள் பல இங்கே மதியமே வந்துவிட்டுப் போய்விடும். மாலையில் இதைக் கடைசியாக வைத்திருக்கும் பயணம் கிடைத்தால் கொஞ்சம் கூடுதல் பணம் கொடுத்தாவது அதையே எடுங்கள்.

எங்கேயும் சுவர் மேல் ஏறாதீர்கள். ஏறலாம் என்று படி விட்டிருக்கும் இடங்களில் மட்டும் ஏறுங்கள். உதிர்ந்து கிடக்கும் செங்கல் துண்டைக்கூட எடுக்காதீர்கள். 1991 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் இது. வாசல் கடைகளில் புத்தர் சிலை வாங்கும் எண்ணம் இருந்தால், அதை நாட்டைவிட்டுக் கொண்டுபோக நுண்கலைத் துறையின் அனுமதி வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

சாப்பாடு

ஆற்றுப் பெரிய இறாலைச் சுட்டுத் தருவது இந்த ஊரின் பெருமை. அசைவம் சாப்பிடுகிறவர்கள் விடாதீர்கள். விலை எடைக்கு என்பதால் முதலில் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். படகு நூடுல்ஸ் என்றொரு கருஞ்சாறு நூடுல்ஸ் உண்டு. அதில் பன்றி அல்லது மாட்டு இரத்தம் சேர்ப்பது வழக்கம், தெரிந்து சாப்பிடுங்கள்.

சைவர்களுக்கு: "காய்கறி மட்டும்" என்று சொன்னாலும் மீன் சாறு விழுந்துவிடும். "ஜே" என்று சொல்லுங்கள். இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் இல்லாத உணவுக்கு அங்கே அதுதான் சொல். பூண்டு, வெங்காயமும் இருக்காது. ஜே உணவு விற்கும் கடைகளில் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து தெரியும். எதற்கும் பையில் கொஞ்சம் பழமும் பிஸ்கட்டும் இருக்கட்டும்.

ரோட்டி சாய் மாய் எல்லோரும் சாப்பிடலாம். மெல்லிய ரோட்டிக்குள் பஞ்சு மிட்டாய்போல் இழுத்த சர்க்கரை நூலை வைத்துச் சுருட்டுவது. ரோட்டியும் நூலும் தனித்தனிப் பொட்டலமாகத் தருவார்கள். நாமே சுருட்டிக்கொள்ள வேண்டும். திரும்பும் வழியில் வண்டியை நிறுத்தச் சொன்னால் எந்த வழிகாட்டியும் மறுக்க மாட்டார்.

திரும்பும்போது

வழிகாட்டிக்கு அன்பளிப்பு கட்டாயமில்லை. மனம் நிறைந்தால் ஆளுக்கு 100 பாட் கொடுக்கலாம், ஓட்டுநரையும் மறக்க வேண்டாம். நிரலில் இல்லாத கடைக்கு அழைத்துப்போனால் வேண்டாம் என்று பணிவாகச் சொல்லுங்கள். ஏமாற்று, மிரட்டல் என்று ஏதாவது நடந்தால் சுற்றுலாக் காவல்துறையின் எண் 1155, ஆங்கிலத்தில் பேசலாம்.

மாலை நெரிசலில் பேங்காக்குக்குள் நுழைவது நேரமெடுக்கும். ஓட்டல் வரை காத்திராமல், வழியில் ஏதாவது ரயில் நிலையத்தில் இறங்கிக்கொண்டால் சீக்கிரம் போய்ச் சேரலாம். அன்றிரவே விமானம் என்றால் எந்த விமான நிலையம் என்று பாருங்கள். டான் முவாங் நகரத்துக்கு வடக்கே, ஆயுத்தயாவிலிருந்து வரும் வழியிலேயே இருக்கிறது. தனி வண்டியாக இருந்தால் பெட்டிகளைக் காலையிலேயே ஏற்றிக்கொண்டு, திரும்பும்போது அங்கேயே இறங்கிவிடலாம். இதை முன்பதிவு செய்யும்போதே சொல்லி வைக்க வேண்டும். சுவர்ணபூமி என்றால் நகரத்துக்குக் கிழக்கே போக வேண்டும், அதற்கு விமானம் நள்ளிரவுக்குப் பிறகு இருந்தால்தான் ஆயுத்தயாவை அந்த நாளில் வையுங்கள்.